அப்பாவும் சலப்பையும்: திருமலையில மூண்டு கிழமை

கட்டுநாயக்க எயார்போட்டில இறங்கி ஹபரணைப் பக்கத்தால வேனில வந்து விடியப்புறம் திருகோணமலை உப்புவெளியில வீட்டு வாசல்ல நிக்கேக்க அம்மா சொன்ன முதல் கதையே "பிள்ளை, அப்பாட ஒபரேசனைத் தள்ளிப் போட்டினம், சலத்தில கிருமியாம்" எண்டுதான். எனக்கு வயித்தைக் கலக்கிப்போட்டுது, கனடா ஸ்காபரோவில இருந்து மூண்டு கிழமை லீவில வந்தனான். புரஸ்டேட் சுரப்பி வீங்கி சலம் சொட்டுச் சொட்டாப் போற ஆளுக்கு உள்ளால கருவி விட்டு சுரண்டி எடுக்கிற ஒபரேசன், டியூஆர்பி எண்டுறது. முதல்ல கோவம்தான் வந்தது. பிறகு கிளினிக்கில டொக்டர் பொறுமையா விளங்கப்படுத்தினார், கிருமி இருக்கேக்க சுரண்டினா புண்பட்ட இடத்தால அது ரத்தத்துக்குள்ள ஏறிடும், அதால கல்ச்சர் செய்து எந்த மருந்துக்கு கிருமி சாகுது எண்டு பாத்து அதைக் குடுத்துத்தான் கை வைக்கிறது எண்டு. அப்பாக்கு சீனி வருத்தமும் இருக்கு, சீனி கூடினா கிருமிக்கு இன்னும் வசதி, அதையும் தள்ளிப் போட்ட நாலைஞ்சு நாளுக்குள்ள கட்டுக்குள்ள கொண்டு வந்தம்.

ஒபரேசன் நல்லபடி முடிஞ்சுது, அரசாங்க ஆஸ்பத்திரி, ஒரு சதம் பில் இல்லை. வார்ட்டில நெருக்கம், வெக்கை, ஆக்களைப் பாக்கிற நேரமும் கொஞ்சம்தான், ஆனா அங்க இருந்த ஒரு நேர்ஸ் மிஸ் எனக்கு சொல்லித் தந்ததை நான் உயிருள்ள வரைக்கும் மறக்கமாட்டன். அப்பாவை கதீட்டரோட, அதாவது சலம் வெளியில போக விட்ட குழாயோடதான் வீட்ட விட்டினம், அஞ்சு நாள் கழிச்சு வந்து எடுக்கச் சொல்லி. "அக்கா, இந்தக் குழாய் கிடக்கிற ஒவ்வொரு நாளும் சலத்தில கிருமி சேர 3ல இருந்து 7 சதவீதம் மட்டில வாய்ப்பு இருக்கு, எடுக்கச் சொன்ன அண்டைக்கே கொண்டு வாங்கோ, நாளைக்கு எண்டு விடாதேங்கோ" எண்டா. பிறகு குழாயால வாற சலம் சேருற பையைக் காட்டி, இது எப்பவும் சலப்பைக்கு, அதாவது அடிவயித்துக்கு, கீழதான் இருக்கவேணும், ஆனா நிலத்தில முட்டக்கூடாது, குழாயைக் கழட்டிக் கழட்டிப் பூட்டக்கூடாது எண்டு ரெண்டு தரம் சொன்னா.

ஆஸ்பத்திரி வாசல்ல ஓட்டோவில ஏறின உடனயே அது பிழைச்சுது. ஓட்டோத் தம்பி நல்ல பிள்ளை, ஐயாக்கு கரைச்சல் இல்லாம இருக்கட்டும் எண்டு பையை வாங்கி மேல கம்பியில கொழுவிவிட்டார், சிவந்த சலம் குழாய்க்குள்ள திரும்பி அப்பா பக்கம் இறங்கிறதை என்ர கண்ணால கண்டன். உடன கழட்டி அவற்ற கால் பக்கத்தில பிடிச்சுக்கொண்டு வந்தன். வீட்ட வந்தா அம்மாவும் அதே வேலை, கீழ வைச்சா அசுத்தம் எண்டு யன்னல் ஆணியில தொங்கவிட்டா. அவவில பிழை இல்லை, ஏன் எண்டு சொல்லாட்டி ஆருக்கும் சுத்தமானதை உயரத்தில வைக்கத்தான் தோணும். நான் ஒரு கம்பியை வளைச்சு கட்டில் சட்டத்தில கொழுவி பையை அதில தொங்கவிட்டன். பை முக்கால்வாசி நிறையமுதல் சவர்க்காரம் போட்டுக் கை கழுவிப்போட்டு ஊத்துறது, ஊத்துற வாய் சட்டியில முட்டாமப் பாக்கிறது, குழாய் உள்ளுக்குப் போற இடத்தை ஒவ்வொரு நாளும் தண்ணியாலயும் சவர்க்காரத்தாலயும் மெதுவாக் கழுவிறது. டெட்டோல் எல்லாம் வேண்டாம் எண்டவை.

அது கச்சான் காத்தடிக்கிற மாசம், திருமலை வெக்கை தெரியும்தானே, குடிக்கிற தண்ணியெல்லாம் வேர்வையாப் போகுது. அப்பா அடிக்கடி எழும்பவேணும் எண்டு பயந்து தண்ணியைக் குறைச்சிட்டார். இருதயம், கிட்னி ரெண்டும் நல்லா இருக்கிறதால நாளைக்கு ரெண்டு லீட்டர் மட்டில குடிக்கச் சொல்லித்தான் டொக்டர் சொன்னவர், நான் போத்தில்ல கோடு போட்டு வைச்சன். முக்கினா ரத்தம் கசியும் எண்டு பப்பாசியும் கீரையும் அம்மா விடாமக் குடுத்தவ.

குழாய் எடுத்தாப் பிறகு ஒருநாள் சலம் கொஞ்சம் கலங்கிச்சு. சொந்தக்கார மாமா ஒரு ஃபார்மசிக்குப் போய் டொக்டரின்ர துண்டு இல்லாமலே அன்டிபயோட்டிக் வாங்கி வந்திட்டார், கேட்டதும் எடுத்துக் குடுத்திருக்கினம். எனக்கு அதில சரியான கவலை, இப்பிடிச் சும்மா போட்டுப் போட்டுத்தான் கல்ச்சர் ரிப்போர்ட்டில ஒண்டுமே வேலை செய்யாத மருந்துப் பேரா வருது. கிளினிக்குக்கு கூட்டிக்கொண்டு போனம், காய்ச்சல், குளிர் நடுக்கம், எரிவு ஒண்டும் இல்லாம வெறும் கலங்கலுக்கு மருந்து வேண்டாம், 38க்கு மேல காய்ச்சலோ சலம் அடைப்போ எண்டா இரவெண்டாலும் ஓடி வாங்கோ எண்டார் டொக்டர். ஒபரேசன் முடிஞ்சு பதினோராம் நாள் சலம் திடீரெண்டு சிவப்பாப் போனது, அப்பா நல்லாப் பயந்திட்டார். உள்புண்ணில இருந்த பொருக்கு கழருற நேரம் அது, முந்தியே சொன்னவை. தண்ணியைக் கூட்டினம், அடுத்த நாள் தெளிஞ்சிட்டுது.

நான் வெளிக்கிட முதல்நாள் பின்னேரம் அப்பா கடற்கரை மட்டும் மெதுவா நடந்தவர். அம்மா அந்தக் கட்டில் கம்பியைக் கழுவி வெயில்ல காயவைச்சு எடுத்து வைச்சிருக்கிறா, அடுத்த மாசம் பக்கத்து வீட்டு ஐயாக்கும் இதே ஒபரேசனாம்.