ஆக்டெட்டா, கைராய்டா? ஓசூர் பட்டறையில் ஒரு வழக்கு

ஓசூர் சிப்காட்டில் உலோகத் தூளை லேசரால் உருக்கி, அடுக்கடுக்காக உதிரிபாகம் செய்கிறவர்கள் கூடினால் ஒரு வாக்குவாதம் தவறாமல் வரும். எடையைக் குறைக்க உட்புறத்தைப் பின்னலாக விட வேண்டும், எந்தப் பின்னல்?

பி.சி.சி. (body-centred cubic) என்ற பின்னல் எளியது. கனசதுரத்தின் எட்டு மூலைகளிலிருந்தும் நடுப்புள்ளிக்குக் கம்பிகள், அவ்வளவுதான். அமுக்கினால் கம்பிகள் வளைகின்றன. அதனால் அடர்த்தியை, அதாவது மொத்தக் கன அளவில் உலோகம் நிரப்பும் பங்கைப் பாதியாக்கினால் விறைப்பு (சுமையில் உருமாறாமல் நிற்கும் தன்மை) கால்வாசியாகவும், வலிமை ஏறக்குறைய 35 சதவீதமாகவும் இறங்கிவிடும். மோதலை வாங்கிக்கொள்ளும் பாகத்துக்கு அந்த நிதானமான மடிப்பே நல்லது.

ஆக்டெட் அப்படியல்ல. கம்பிகள் சந்திக்கும் ஒவ்வொரு முனையிலும் 12 கம்பிகள், எங்கும் முக்கோணங்கள். கிருஷ்ணகிரி சாலையோரம் நிற்கும் மின்கோபுரத்தைப் போல, கம்பிகள் வளையாமல் நீளவாக்கில் சுமை தாங்கும். அடர்த்தி பாதியானால் வலிமையும் பாதிதான் குறையும். தாளில் இதை அடிக்க ஆளில்லை. சிக்கல் இயந்திரத்துக்குள் தொடங்குகிறது. கிடையாக ஓடும் கம்பிக்குக் கீழே உருகாத தூள்தான் இருக்கிறது. தூள் வெப்பத்தை எளிதில் கடத்தாது. உருகிய உலோகம் அதற்குள் இறங்கி, அடிப்பக்கம் கரடுமுரடாகிறது. விரிசல் பிறக்கும் இடமும் அதுவே. சாய்த்து வைத்து அச்சிடலாமே என்பார்கள். ஆறு திசைகளில் ஓடும் கம்பிகள் அத்தனையையும் கிடைமட்டத்திலிருந்து 45 பாகைக்கு மேல் (பொதுவாக அடிப்பக்கம் கெடாத சாய்வு அது) நிறுத்த எந்தச் சாய்வாலும் முடியாது. கணக்குப் போட்டுப் பார்க்கலாம்.

1970இல் நாசாவில் ஆலன் ஷோன் விவரித்த கைராய்டில் முனையும் இல்லை, மூலையும் இல்லை. வளைந்தோடும் ஒரே பரப்பு. பெரும்பாலும் ஒவ்வோர் அடுக்கும் கீழுள்ளதன் மேல் அமர்ந்துகொள்ளும். மீந்த தூள் இரு வாய்க்கால்கள் வழியே கொட்டிவிடும். தகைவு (சுமையால் பொருளுக்குள் எழும் விசை) ஓரிடத்தில் குவியாததால் திரும்பத் திரும்ப வரும் சுமைக்கு என் வாக்கு இதற்கே. ஒட்டிக்கொண்ட தூள் துகள்கள் மட்டும் இதையும் விடாது.

ஆனால் 3 மில்லிமீட்டர் கட்டத்தில் (திரும்பத் திரும்ப வரும் ஓர் அலகின் அளவு) 10 சதவீத அடர்த்தி கேட்டால் கைராய்டின் சுவர் 0.1 மில்லிமீட்டர்; லேசர் புள்ளியின் அகலமே ஏறக்குறைய அவ்வளவு. அதே அளவில் ஆக்டெட் கம்பி கால் மில்லிமீட்டர் தடிமன் பெறும். அங்கே கைராய்டைப் பிடிவாதமாகக் கேட்பவர் கட்டத்தை 6 மில்லிமீட்டராக்கட்டும், இல்லையென்றால் பி.சி.சி.க்கு வரட்டும். அதன் கம்பிகளும் 35 பாகையில்தான் சாய்ந்திருக்கின்றன, ஆனால் எதுவும் கிடையாக ஓடாததால் பெரும்பாலும் தப்பிவிடும்.