டியாங்லன் ஐரிஷ் அகராதி: ‘எடை’ என்ற ஒரு சொல்லை வைத்து ஒரு சோதனை

பினாங்கு ஆர்சிஎஸ்ஐ–யுசிடி கல்லூரியில் மருத்துவம் சேர்ந்து, முதல் இரண்டரை ஆண்டு அயர்லாந்தின் டப்ளினில் படிக்கப் போகும் நம் பிள்ளைகளில் ஐரிஷ் மொழியில் ஆசை வருபவர்கள் முதலில் திறக்க வேண்டிய தளம் இது. முகவரி: டி, இ, ஏ, என், ஜி, எல், ஏ, என், என், டாட் ஐஇ. காசு கிடையாது.

எடைக்கு ஐரிஷில் ‘மியாகன்’; நடுவில் ‘மகன்’ என்பதில் வரும் க. எழுத்து எம், இ, ஏ, சி, எச், ஏ, என். முதல் ஏ மீது சாய்கோடு உண்டு. கைப்பேசியில் ஏ-யை அழுத்திப் பிடித்தால் அது வரும். அதை விட்டு எழுதினால் பிழை.

அகராதிப் பகுதி 1977-இல் வந்த பெரிய ஐரிஷ்–ஆங்கில அகராதி. அதன் சுருக்கக் குறிகள்தான் புதியவரைக் கவிழ்க்கும். சிறு கோட்டுக்குப் பின் ‘ஏஐஎன்’ என்றிருந்தால், சொல்லின் வாலை வெட்டி அங்கே அதைப் பொருத்த வேண்டும். முழுச்சொல்லோடு ஒட்டினால் இல்லாத சொல் பிறக்கும். அந்தச் சிரமமே வேண்டாம், இலக்கணப் பகுதிக்குப் போங்கள். ‘மியாகன்’ ஆண்பால், வேற்றுமை மாற்றத்தில் முதல் வகை. ஆறாம் வேற்றுமையும் எழுவாய்ப் பன்மையும் ‘மியாகிஞ்’, ஆறாம் வேற்றுமைப் பன்மை மறுபடி ‘மியாகன்’. எல்லாம் கட்டம் கட்டி இருக்கிறது.

‘அந்த எடையின்’ என்றால் ‘அன் வியாகிஞ்’. எம்-க்குப் பின் எச் சேர்ந்து ஒலி வ ஆகிவிடுகிறது. நமக்கு மரம், மரத்தின் என வால் மட்டும் மாறும். இங்கே தலையும் மாறும். அதனால் படித்த பக்கத்தில் எம், எச் எனத் தொடங்கும் வடிவத்தைப் பார்த்தால், அந்த எச்-சை எடுத்துவிட்டுத் தேடுங்கள்.

குறை என்னவென்றால், கட்டம் வடிவத்தைக் காட்டுமே தவிர எப்போது எது என்று சொல்லாது. ‘எடை குறைந்துகொண்டு’ என்பதற்கு ‘அக் கல்யெ மியாகிஞ்’. ‘எடையைக் குறைக்க’ என்றால் ‘மியாகன் அ கல்யெ’. சொல் வினைக்குப் பின்னா முன்னா என்பதே வித்தியாசம். இதற்கு உதாரண வாக்கியங்களைத்தான் மேய வேண்டும். ‘உன் எடை என்ன?’ என்பதும் அப்படியே: ‘கேன் மியாகன் அதா உனத்?’, அதாவது உன்னுள் என்ன எடை இருக்கிறது.

உச்சரிப்புப் பகுதியில் கொனாக்ட், மன்ஸ்டர், அல்ஸ்டர் மூன்று வட்டாரக் குரல்களும் உண்டு. ஒன்றைப் பிடித்துக்கொள்ளுங்கள், கலக்க வேண்டாம். விளக்கமெல்லாம் ஆங்கிலத்திலோ ஐரிஷிலோதான், தமிழோ மலாயோ இல்லை. ஐந்துக்கு நாலு.