பல் கட்டுவது: செட்டா, பிரிட்ஜா, இம்பிளாண்டா?

கீழ்த் தாடையில் ஒரு கடைவாய்ப்பல் போய்விட்டால் கோவை, ஈரோடு, திருப்பூர் என்று எந்த ஊர் டாக்டரிடம் போனாலும் மூன்று வழி சொல்வார். கழற்றி மாட்டும் செட், இருபக்கப் பற்களோடு சேர்த்துக் கட்டும் பிரிட்ஜ், எலும்புக்குள் ஸ்க்ரூ வைத்துக் கட்டும் இம்பிளாண்ட். போன வருஷம் நான் வைத்துக்கொண்டது இம்பிளாண்ட். அதனால் இந்த அலசல் ஒரு பக்கம் சாய்ந்துதான் இருக்கும். அதைக் கழித்துக்கொண்டு படியுங்கள்.

கட்டாமலே விட்டால் என்ன என்பதும் நியாயமான கேள்விதான். ஆகக் கடைசிப் பல் என்றால் பல டாக்டர்களே விட்டுவிடச் சொல்வார்கள். நடுவில் இருப்பது போனால் பக்கத்துப் பல் மெதுவாக அந்த இடத்தில் சாயும், மேல்பல் கீழே இறங்கும். நான்கைந்து வருஷம் கழித்துக் கட்டலாம் என்று போனால் இடமே இருக்காது.

பணத்தை முதலில் சொல்லிவிடுகிறேன், எல்லோரும் கேட்பது அதைத்தான். நான் விசாரித்த இடங்களில் ஒரு பல்லுக்கான செட் சில ஆயிரத்தில் முடிகிறது. மூன்று பல் பிரிட்ஜ், உலோகத்தின் மேல் பீங்கானா, முழுக்க ஜிர்கோனியா என்ற கெட்டிப் பீங்கானா என்பதைப் பொறுத்து, 12,000 முதல் 30,000 ரூபாய். இம்பிளாண்ட் மேலே வரும் கேப்போடு (பல் உறை) சேர்த்து 25,000இல் தொடங்கி 50,000 தாண்டியும் போகிறது. குமாரபாளையம், திருச்செங்கோடு, சூலூர் பக்கம் இருக்கும் பல் மருத்துவக் கல்லூரிகளில் பொதுவாக இதைவிடக் குறையும். ஆனால் மாணவர் செய்ய, பேராசிரியர் பார்க்க, திருத்திச் செய்ய என்று நாள் இழுக்கும். லீவுக்குக் கஷ்டப்படாதவர்களுக்கு அது நல்ல வழி.

செட்டைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. மலிவு, அறுவை கிடையாது, பிடிக்கவில்லை என்றால் கழற்றி வைத்துவிடலாம். இரவில் கழற்றித் தண்ணீரில் போட வேண்டும். வெந்நீரில் போட்டால் வளைந்துவிடும். கடலைக்காய் தின்னும்போது அடியில் ஒரு துணுக்குப் போய் உட்கார்ந்தால் உயிரே போகும். பதினெட்டு வயது ஆகாத பிள்ளைகளுக்குத் தாடை வளர்ந்து முடியும்வரை இம்பிளாண்ட் வைக்கமாட்டார்கள், அவர்களுக்கு இதுபோன்ற தற்காலிக ஏற்பாடுதான்.

பிரிட்ஜ் அப்படி ஒதுக்கிவிடக் கூடியது அல்ல. வேலை ஒன்றிரண்டு வாரத்தில் முடிந்துவிடும், நன்றாகக் கடிக்கலாம், அடுத்த முகூர்த்தத்துக்குள் பல் வேண்டும் என்றால் இதைவிட்டால் வேறு வழி குறைவு. பக்கத்துப் பற்கள் இரண்டும் ஏற்கெனவே வேர் சிகிச்சை செய்து கேப் போட்டவை என்றால் நானே பிரிட்ஜைத்தான் சொல்வேன். தொல்லை, அந்த இரண்டும் நல்ல பற்களாக இருக்கும்போது. கேப் உட்கார வேண்டுமே என்று அவற்றைச் சுற்றிலும் தேய்த்துச் சிறிதாக்குவார்கள். தேய்த்த எனாமல் திரும்ப வளராது. மூன்றும் ஒட்டியே இருப்பதால் சாதாரண நூலால் இடுக்கில் சுத்தம் செய்ய முடியாது. நடுப்பல்லின் அடியில் தனி நூல் கோத்து இழுக்க வேண்டும். அதைத் தினமும் செய்கிற ஆளை நான் இன்னும் பார்க்கவில்லை. என் அம்மாவுக்குப் பிரிட்ஜ் பல வருஷம் நன்றாகத்தான் உழைத்தது. பிறகு ஒரு பக்கக் கேப்புக்கு அடியில் சொத்தை ஓடி, வெளியே தெரியாமலே அந்தப் பல் போய்விட்டது. பிரிட்ஜை அறுத்து எடுத்தபோது ஒரு பல் இருந்த இடைவெளி இரண்டு பல் அகலமாகியிருந்தது.

எனக்கு முடிவைக் கொடுத்தது இதுதான். பின்னால் கெட்டால் எது கெடும், அதை யார் சரி செய்வார்? நம் ஊரில் போர்வெல்லுக்கு மோட்டார் எடுக்கிறவர் ஸ்டார் ரேட்டிங்கை அப்புறம்தான் பார்ப்பார். பக்கத்து டவுனில் காயில் கட்ட ஆள் உண்டா, ஸ்பேர் கிடைக்குமா என்பதைத்தான் முதலில் கேட்பார். பல்லுக்கும் அதையே கேட்டுப் பார்த்தேன்.

இம்பிளாண்ட் என்பது மூன்று சாமான். எலும்புக்குள் டைட்டானியம் ஸ்க்ரூ, அதன் மேல் ஓர் இணைப்பு, அதற்கும் மேல் கேப். டைட்டானியத்தோடு எலும்பு ஒட்டி வளரும் என்பதை 1950களில் ஸ்வீடனின் ஆய்வாளர் பிரானெமார்க் முயல் எலும்பில் ரத்த ஓட்டத்தை ஆராயும்போது கவனித்தார். அதற்காகப் பொருத்திய டைட்டானியம் குழலைத் திரும்ப எடுக்கப் பார்த்தால் வரவில்லை. 1965இல் மனிதருக்கு வைத்தார். அவர் காலத்துக் கணக்குப்படி கீழ்த் தாடைக்கு மூன்று மாதம், மேல் தாடைக்கு ஆறு மாதம் காத்திருக்க வேண்டும். மேல் எலும்பு மென்மையானது. இப்போது இதைக் குறைத்துவிட்டார்கள், சில வாய்களுக்கு அன்றைக்கே தற்காலிகப் பல்லும் வைக்கிறார்கள். எனக்கு டாக்டர் அவசரப்படவில்லை, நானும் அவசரப்படுத்தவில்லை.

கேப்பை எப்படிப் பொருத்துகிறார்கள் என்பதுதான் பலரும் கேட்க மறக்கிற விஷயம். சிமெண்ட் போட்டு ஒட்டலாம், அல்லது எலும்பில் இருப்பது போக இன்னொரு சின்ன ஸ்க்ரூ போட்டு முடுக்கலாம். சிமெண்டில் மேலே ஓட்டை தெரியாது, பார்க்க அழகு. ஆனால் பிதுங்கிய சிமெண்ட் ஈறுக்கு அடியில் தங்கிவிட்டால் ஈறு வீங்கி எலும்பு வரை புண்ணாகும், பிறகு கழற்றவும் எளிதில் வராது. ஸ்க்ரூ முறையில் கேப்பின் நடுவில் ஒரு துளை, அதைப் பல் நிறக் கலவையால் மூடியிருப்பார்கள். எனக்குக் கொஞ்ச நாளிலேயே கேப் லேசாக ஆடியது. போச்சு, எல்லாம் போச்சு என்று ஓடினேன். டாக்டர் சிரித்தார். "ஸ்க்ரூ லூசாயிருக்குதுங்க, வேர் கெட்டியாத்தான் இருக்குது" என்றார். மூடியைத் திறந்து, அளவு காட்டும் ஸ்பேனரால் முடுக்கி, திரும்ப மூடினார். டீ ஆறுவதற்குள் வேலை முடிந்தது. பக்கத்துப் பற்களை யாரும் தொடவில்லை.

அந்த ஸ்க்ரூவுக்கு ஏற்ற டிரைவர் டாக்டரிடம் இருக்க வேண்டும். கம்பெனிக்குக் கம்பெனி அது மாறும். என் மச்சினர் வேறொரு ஊரில் வைத்துக்கொண்டார், பெயர் வேண்டாம். வைத்தவர் இடம் மாறிப் போய்விட்டார், கையில் ஒரு துண்டுச் சீட்டுக்கூடக் கிடையாது. எக்ஸ்ரேவை வைத்து இது எந்தக் கம்பெனி என்று ஆளுக்கொன்று சொன்னார்கள். ஆகவே கம்பெனி, மாடல், விட்டம், நீளம், பேட்ச் எண் எழுதிய அட்டையைக் கேட்டு வாங்குங்கள். பெட்டியில் வரும் ஸ்டிக்கரையே ஒட்டிக் கொடுப்பார்கள். அந்தக் கம்பெனி சாமான் கோவையிலோ சேலத்திலோ இன்னும் நாலு டாக்டரிடம் புழங்குகிறதா என்றும் விசாரியுங்கள்.

இம்பிளாண்டுக்குச் சொத்தை வராது. அதை நம்பிச் சும்மா இருந்துவிடக் கூடாது, சுற்றியுள்ள ஈறும் எலும்பும் கெடலாம். இயற்கைப் பல்லுக்கும் எலும்புக்கும் நடுவே மெல்லிய நார் உண்டு, கல் கடிபட்டால் உடனே சொல்வது அதுதான். இம்பிளாண்டுக்கு அது கிடையாது. அதனால் அளவு தெரியாமல் கடித்துவிடுவோம், கெடும்போது பெரும்பாலும் வலிக்கவும் செய்யாது. துலக்கும்போது ரத்தம் வந்தால் அதுதான் அடையாளம். இடுக்குக்கான குட்டி பிரஷ் தினமும், ஆறு மாதத்துக்கு ஒருமுறை டாக்டர், இதுதான் என் பராமரிப்பு. பிரிட்ஜுக்கு நூல் கோப்பதோடு பார்த்தால் இது எளிது.

பீடி, சிகரெட் விடாதவர்களுக்கும், சர்க்கரை கட்டுக்குள் வராதவர்களுக்கும் இது தோற்கும் வாய்ப்பு கூடுதல். மூன்று மாதச் சராசரியைப் பார்க்காமல் நல்ல டாக்டர் தொடமாட்டார். எலும்புத் தேய்மானத்துக்கு ஊசி போடுகிறவர்கள் அதை முதல் நாளே சொல்லிவிட வேண்டும். தர்மபுரி, சேலம் பக்கம் ப்ளோரைடு தண்ணீரால் பல்லில் பழுப்புத் திட்டு இருப்பவர்கள் கேப்பின் நிறத்தை லேப் ஆளோடு பகல் வெளிச்சத்தில் ஒத்துப் பார்க்கட்டும். இல்லாவிட்டால் வெள்ளைவெளேர் என்று ஒன்று தனியாகத் தெரியும்.

நான் சொல்வது கீழே, பின்னால், ஒரே ஒரு பல்லின் கதை, அதுவும் இன்னும் இளசு. முன்பல் என்றால் ஈறின் அழகும் கணக்கில் வரும். மேல் கடைவாய் என்றால் சைனஸ் என்ற காற்றறை குறுக்கே வரும், எலும்பு சேர்க்க வேண்டியிருக்கலாம். அந்த இரண்டிலும் என் வார்த்தையை எடுத்துக்கொள்ள வேண்டாம். பல்லே இல்லாத பெரியவர்களுக்கு ஒன்று மட்டும் சொல்லலாம். கீழ்த் தாடையில் இரண்டு இம்பிளாண்ட் வைத்து அதன் மேல் செட்டை மாட்டும் முறையை 2002இல் மான்ட்ரியலில் கூடிய நிபுணர்கள் முதல் தேர்வாகவே பரிந்துரைத்தார்கள். வாய் முழுக்க ஸ்க்ரூ வைக்கிற செலவு அதில் வராது. மிச்சப் பற்களும் போய்விட்ட அம்மாவுக்கு அதைத்தான் இப்போது பார்த்துக்கொண்டிருக்கிறோம். வந்த கொட்டேஷன்களில் ஒன்று விலையில் எல்லாவற்றையும்விடக் குறைவு, ஆனால் கம்பெனி பெயர் இருக்க வேண்டிய இடத்தில் 'இம்போர்டட்' என்று மட்டும் எழுதியிருந்தது. அதைத் திருப்பிக் கொடுத்துவிட்டோம்.