லேசர் புரோட்டான்களை அளக்க காஃப்குரோமிக் ஃபிலிம்: எச்டி-வி2, இபிடி3

சில மைக்ரான் தடிமனுள்ள உலோகத் தாளில் அதிதீவிர லேசர் துடிப்பு விழுந்ததும் சூடான எலக்ட்ரான்கள் தாளைத் துளைத்துப் பின்பக்கம் பாய்கின்றன. அங்கே எழும் மின்புலம், தாளின் மேல் படிந்திருக்கும் ஈரத்திலும் எண்ணெய்ப் பசையிலும் உள்ள புரோட்டான்களை இழுத்து வீசுகிறது. அதே கணத்தில் கிளம்பும் மின்காந்த அதிர்வில் மின்னணுக் கருவிகள் திணறிவிடும். கதிர் பட்டதும் தானே நிறம் மாறும் காஃப்குரோமிக் ஃபிலிமுக்கு அது ஒரு பொருட்டே இல்லை. அமெரிக்காவின் லிவர்மோர் ஆய்வகத்துப் பெட்டாவாட் லேசரில் 58 எம்இவி (மில்லியன் எலக்ட்ரான் வோல்ட்) ஆற்றல் வரை புரோட்டான்கள் கிடைத்ததாக 2000-இல் அறிவித்தபோதும் இவ்வகை ஃபிலிம்தான் சாட்சி சொன்னது.

இந்த ஃபிலிமில் இரண்டு வகையைப் பார்ப்போம். எச்டி-வி2-வில் 97 மைக்ரான் பாலியெஸ்டர் மேல் சுமார் 12 மைக்ரான் உணர்படலம். மேலே மூடி கிடையாது. 10 முதல் 1000 கிரே (கதிர் டோஸின் அலகு) வரை அளக்கும். இபிடி3-இல் 28 மைக்ரான் உணர்படலத்தின் இருபுறமும் 125 மைக்ரான் பாலியெஸ்டர், வீச்சு 0.1 முதல் 20 கிரே. ஃபிலிம்களை ஒன்றன்பின் ஒன்றாக அடுக்கி வைத்தால், ஆற்றல் கூடிய புரோட்டானே ஆழம் போகும். குறைந்த ஆற்றல் புரோட்டான்கள் ஏராளம், கூடிய ஆற்றலில் சொற்பம். அதனால் அடுக்கின் முன்னால் எச்டி-வி2, பின்னால் இபிடி3 என்று வைப்பதே சரி.

எல்லாவற்றுக்கும் முன்னால் 13 மைக்ரான் அலுமினியத் தாள் வேண்டும். ஒளியையும் சிதறல் துகள்களையும் ஏறக்குறைய 1 எம்இவி-க்குக் கீழுள்ள புரோட்டான்களையும் அது நிறுத்திவிடும். அதில் ஊசிமுனை ஓட்டை இருந்தாலும் ஃபிலிமில் கரும்புள்ளி விழும். விளக்கொளியில் பிடித்துப் பார்த்துவிட்டுப் பொருத்துங்கள். அதிகம் நடக்கும் பிழை எச்டி-வி2-வைத் திருப்பி வைப்பது. உணர்படலம் புரோட்டான்கள் வரும் லேசர் பக்கம் பார்க்க வேண்டும். திரும்பிவிட்டால் 97 மைக்ரான் பாலியெஸ்டரே வடிகட்டியாகிவிடும். முதல் ஃபிலிம் சுமார் 3 எம்இவி-க்கு மேல்தான் பதியும், அதற்குக் கீழுள்ள கூட்டம் கணக்கிலேயே வராது. வெட்டும்போதே ஒவ்வொரு துண்டின் ஒரே மூலையைக் கத்தரித்து அடையாளம் வையுங்கள். மூடி இல்லாத படலம் விரல் பட்டாலே கீறும். ஓரத்தை மட்டும் பிடிக்க வேண்டும்.

ஷாட் (லேசரை ஒருமுறை அடிப்பது) முடிந்தவுடன் ஸ்கேன் செய்யாதீர்கள். நிறம் இன்னும் ஏறிக்கொண்டிருக்கும். 24 மணி நேரம் இருட்டில் கிடக்கட்டும். தெரிந்த டோஸ் கொடுத்து ஒப்பிட வைத்திருக்கும் அளவீட்டு ஃபிலிமுக்கும் அதே இடைவெளி. ஸ்கேனரில் நிறத்திருத்தம் எல்லாவற்றையும் அணைத்து, நிறத்துக்கு 16 பிட் வீதம் டிஃப் கோப்பாகச் சேமியுங்கள். இபிடி3-இன் படிகங்கள் ஊசி வடிவில் ஒரே திசையில் படுத்திருப்பதால், துண்டை 90 பாகை திருப்பி வைத்தாலே எண் மாறிவிடும். ஸ்கேனின் சிவப்பு நிற எண் தெவிட்டிய (டோஸ் கூடியும் மாறாத) இடத்தில் பச்சை நிற எண்ணுக்குப் போங்கள்.

கணக்கைக் கடைசி ஃபிலிமிலிருந்து முன்னோக்கிப் போட வேண்டும். ஒவ்வொரு படலத்திலும் அங்கே நின்ற புரோட்டான்களோடு, தாண்டிப்போனவையும் ஆற்றலை விட்டுச் செல்கின்றன. அதைக் கழிக்காவிட்டால் எண்ணிக்கை ஊதிப்போகும். பின் ஃபிலிம்களில் ஓரம் தெளியாமல் சீராகப் படர்ந்த மங்கல் எலக்ட்ரானும் எக்ஸ் கதிரும் தந்தது. கூரிய விளிம்புள்ள வட்டமே புரோட்டான். அந்த வட்டம் தெரியும் கடைசி ஃபிலிம்தான் உச்ச ஆற்றலைச் சொல்லும்.

குறையும் உண்டு. புரோட்டான் நிற்கப்போகும் இடத்தில் ஃபிலிம் உண்மையைவிடக் குறைத்துக் காட்டும். திருத்தக் காரணி இல்லாமல் டோஸ் எழுதக் கூடாது. ஓர் அடுக்கு ஒரு ஷாட்டுக்குத்தான். நாளுக்குச் சில ஷாட் அடிக்கும் பெரிய லேசர்களுக்குத் தயங்காமல் வாங்கலாம். நொடிக்கு ஒன்று என்று அடிக்கும் லேசருக்கு இது கட்டாது. அங்கே சிண்டிலேட்டரும் (கதிர் பட்டால் ஒளிரும் பொருள்) கேமராவும் வைத்து, அதைச் சரிபார்க்க மட்டும் இந்த ஃபிலிமை எடுங்கள்.