போர்க்கால விமான பாகங்கள் விற்கும் ஆன்லைன் கடை: பின்பக்கத்தையும் படம் எடுத்துப் போடுகிறார்கள், அதற்காகவே வாங்கலாம்

இரண்டாம் உலகப் போர் விமானங்களின் பாகங்களை மட்டும் விற்கும் இந்த ஆன்லைன் கடையில் ஒரு ஆல்டிமீட்டரும் (விமானம் பறக்கும் உயரத்தைக் காட்டும் கருவி) ஸ்பிட்ஃபயர் என்ற பிரிட்டிஷ் சண்டை விமானத்தின் சின்ன அலுமினிய பிராக்கெட் ஒன்றும் வாங்கினேன். இரண்டும் அசல். அவர்கள் சொன்னதை நம்பி இதைச் சொல்லவில்லை. போட்டிருந்த படங்களைப் பார்த்து, பணம் கட்டும் முன்பே முடிவு செய்ய முடிந்தது. இந்தத் தொழிலில் அது சாதாரண விஷயம் இல்லை.

பல கடைகள் டயலை மட்டும் பளபளப்பாகப் படம் எடுத்துப் போட்டு, தலைப்பில் 'ஸ்பிட்ஃபயர்' என்று எழுதிவிடுகின்றன. ஆனால் பழைய கருவி வாங்குகிறவர்களுக்கு வேண்டிய தகவலெல்லாம் பின்பக்கத்திலும் விளிம்பிலும்தான் இருக்கிறது. இங்கே ஆல்டிமீட்டரின் எல்லாப் பக்கங்களையும் கிட்டத்தில் காட்டியிருந்தார்கள். கிரீடம், அதன் கீழே ஏ.எம். என்ற எழுத்துகள், அதாவது பிரிட்டிஷ் விமான அமைச்சகத்தின் முத்திரை, பக்கத்திலேயே 6ஏ என்று தொடங்கும் கிடங்கு எண். 6ஏ என்றால் விமானக் கருவிகள், 5சி மின்சாரச் சாமான்கள், 22சி விமானிகளின் உடுப்பு. இந்த எண் பொருள் என்ன என்பதைத்தான் சொல்லும், எந்த விமானத்தில் இருந்தது என்பதைச் சொல்லாது. ஒரே வகை ஆல்டிமீட்டர் ஸ்பிட்ஃபயரிலும் இருந்திருக்கலாம், லங்காஸ்டர் குண்டுவீச்சு விமானத்திலும் இருந்திருக்கலாம். இந்தக் கடையில் 'பல விமானங்களில் பயன்பட்டது, எதிலிருந்து வந்தது என்று சொல்ல முடியாது' என்று நேராக எழுதியிருந்தார்கள். அந்த ஒரு வரிக்காகவே எனக்கு இவர்கள் மேல் மரியாதை வந்தது.

பிராக்கெட் விஷயம் வேறு. அதில் 300 என்று தொடங்கும் எண் குத்தியிருக்கிறது. ஸ்பிட்ஃபயரை உருவாக்கிய சூப்பர்மரீன் நிறுவனத்தில் அதன் வடிவமைப்பு எண் 300. 1936 மார்ச்சில் முதன்முதலாகப் பறந்த மாதிரி விமானமும் இதே எண்தான். அதனால் பாகம் ஸ்பிட்ஃபயருக்காக வரையப்பட்டது என்பது உறுதி. ஆனால் 300 என்று பார்த்தவுடன் 'மார்க் 1 (ஸ்பிட்ஃபயரின் முதல் ரகம்), 1940-இல் ஜெர்மன் விமானங்களை எதிர்த்த பிரிட்டன் சண்டையில் பறந்தது' என்று விலையை ஏற்றுகிறவர்கள் இருக்கிறார்கள், அது சரியில்லை. மார்க் 5-க்கு 331, 349, மார்க் 9-க்கு 361 என்று புது எண்கள் வந்தாலும், மாற்றாமல் விட்ட பாகங்கள் பழைய 300 எண்ணோடே பின்னால் வந்த மார்க்குகளிலும் போயின. கடையின் குறிப்பிலும் இது இருந்தது.

பிராக்கெட் வந்ததும் லென்ஸ் வைத்துப் பார்த்தேன். எண்கள் ஒரே கோட்டில் இல்லை, 3 கொஞ்சம் ஆழமாக, கடைசி 0 ஒரு பக்கம் சாய்ந்து, ஒவ்வொரு இலக்கத்தின் விளிம்பிலும் உலோகம் லேசாகப் பிதுங்கியிருக்கிறது. சுத்தியலால் அடித்துக் குத்திய எண் இப்படித்தான் இருக்கும். இன்று லேசரில் பொறித்து விற்கும் நகல்களில் எல்லா இலக்கமும் ஒரே ஆழம், விளிம்பு தட்டையாக இருக்கும். சற்றுத் தள்ளி மங்கலாக ஒரு வட்ட ஆய்வு முத்திரையும் தெரிந்தது. அப்புறம் மரை: அந்தக் காலத்து பிரிட்டிஷ் பாகத்தில் பிஏ அல்லது பிஎஸ்எஃப் என்ற பழைய பிரிட்டிஷ் அளவு மரைதான் எதிர்பார்க்க வேண்டும். மெட்ரிக் ஸ்க்ரூ அழகாக ஏறினால் யாரோ பின்னால் கைவைத்திருக்கிறார்கள் என்று சந்தேகப்படுங்கள். இதில் பிஏ ஸ்க்ரூ சுத்தமாக ஏறியது.

குறை சொல்ல வேண்டியது இரண்டு இருக்கிறது. பிராக்கெட்டின் ஒரு பக்கத்தை யாரோ பாலிஷ் போட்டுத் தேய்த்திருக்கிறார்கள். மறுபக்கம் பழைய பச்சைப் பூச்சு அப்படியே இருக்க, இந்தப் பக்கம் வெறும் அலுமினியம் மின்னுகிறது. பாகத்தின் வரலாறே அந்தப் பூச்சில்தான் இருக்கிறது, எத்தனை அடுக்கு, எந்த நிறத்தின் மேல் எந்த நிறம் என்று. தேய்த்துவிட்டால் போனது போனதுதான். கேட்டதற்கு, தங்களிடம் வரும்போதே அப்படித்தான் இருந்தது என்றார்கள். இருக்கலாம், ஆனால் அந்தப் பக்கத்தின் படத்தையும் போட்டிருக்க வேண்டும்.

இரண்டாவது இதைவிட முக்கியம். ஆல்டிமீட்டரின் முள்ளிலும் எண்களிலும் இருட்டில் ஒளிர்வதற்காகப் போட்ட, கதிர்வீச்சுள்ள ரேடியம் பூச்சு இருக்கிறது. அந்த எச்சரிக்கையைப் பக்கத்தின் அடியில், அனுப்பும் விதிகளுக்கு நடுவில் வைத்திருக்கிறார்கள், அது மேலே தடித்த எழுத்தில் இருக்க வேண்டிய செய்தி. இருட்டில் ஒளிரவில்லையே, ரேடியம் செத்துவிட்டது என்று நினைத்துவிடக் கூடாது. ஒளி தரும் துத்தநாக சல்பைடுதான் கெட்டுப்போகும். ரேடியம்-226 பாதியாகக் குறையவே சுமார் 1600 வருடம் ஆகும். கண்ணாடியைக் கழற்றாதீர்கள், பூச்சைச் சுரண்டாதீர்கள், ரேடியத்திலிருந்து ரேடான் என்ற கதிர்வீச்சுள்ள வாயு வரும் என்பதால் காற்றோட்டம் இல்லாத படுக்கை அறையில் வைக்காதீர்கள், குழந்தைகள் கையில் கொடுக்கவே கொடுக்காதீர்கள். கண்ணாடி உடைந்த டயலை யார் சும்மா தந்தாலும் நான் வாங்க மாட்டேன்.

மண்ணிலிருந்து தோண்டிய பாகங்களும் விற்கிறார்கள். பிரிட்டனில் 1986-ஆம் ஆண்டுச் சட்டப்படி, விழுந்த ராணுவ விமானம் கிடக்கும் இடத்தைப் பாதுகாப்பு அமைச்சகத்தின் உரிமம் இல்லாமல் தோண்டக் கூடாது. விமானியின் உடல் இன்னும் அங்கே இருக்கலாம் என்றால் பொதுவாக உரிமம் தர மாட்டார்கள், தரவும் கூடாது. இவர்கள் தோண்டிய பாகம் ஒவ்வொன்றுக்கும் உரிம நகலைக் கேட்டால் காட்டுகிறார்கள். காட்டாத கடையில் ஒரு ரிவெட் கூட வாங்காதீர்கள்.

பேக்கிங் நன்றாக இருந்தது, ஆல்டிமீட்டர் தனிப் பெட்டியில் வந்தது. இப்போது 8-109 என்று தொடங்கும் எண்ணுள்ள மெஸ்ஸர்ஷ்மிட் 109 என்ற ஜெர்மன் சண்டை விமானத்தின் பாகம் ஒன்றின் மேல் கண். தயாரிப்பாளரைக் காட்டும் மூன்றெழுத்துக் குறியீடு படத்தில் தெளிவாக இல்லை, இன்னொரு படம் கேட்டு எழுதியிருக்கிறேன். எழுத்து படிக்க முடிந்தால் எடுத்துவிடுவேன்.