முகூர்த்தப் பட்டு எங்கே எடுக்கலாம்? தி.நகர் மாடிக்கடை, காஞ்சி காந்தி ரோடு, கூட்டுறவு சங்கம்

காலை பத்து மணிக்குக் கடைக்குள் நுழைந்த குடும்பம் மதியம் மூன்று மணிக்கும் முடிவெடுக்க முடியாமல் ஜமக்காளத்தில் உட்கார்ந்திருக்கும். எதிரே ஐம்பது புடவைகள் விரிந்து கிடக்கும். பெண்ணுக்கு மனசு நிற்கவில்லை என்று பழி அவள் மேல் விழும். அது நியாயமில்லை. கடையில் பேச்சு முழுக்க நிறத்தையும் டிசைனையும் பற்றி நடக்கிறது, விலையைத் தீர்மானிப்பதோ ஜரிகையும் தறியும். அவற்றைப் பற்றி விற்பவர் தானாக வாய் திறப்பதில்லை, வாங்குபவருக்கும் கேட்கத் தெரிவதில்லை. ஒரே மாதிரித் தெரியும் இரண்டு அரக்குப் புடவைகளில் ஒன்று 12,000 ரூபாய், மற்றது 35,000 ரூபாய் என்றால் யாராக இருந்தாலும் தடுமாறத்தான் செய்வார்கள்.

முதலில் சில்க் மார்க். மத்திய பட்டு வாரியத்தின் முயற்சியில் 2004-ல் வந்த முத்திரை இது. நூல் அசல் பட்டு என்பதற்கு மட்டும்தான் உறுதி தருகிறது. ஜரிகை எப்படிப்பட்டது, கைத்தறியா விசைத்தறியா, காஞ்சிபுரத்தில் நெய்ததா என்பதற்கெல்லாம் அதில் பதில் கிடையாது. ‘சில்க் மார்க் இருக்கு மேடம், பயப்படாம எடுங்க’ என்று சொல்லும்போது அந்த உறுதி பாதிப் புடவைக்குத்தான் என்பதை நினைவில் வையுங்கள். காஞ்சிபுரம் பட்டுக்கு 2005-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. அப்படியிருந்தும் வெளியூர் விசைத்தறியில் ஓடிய புடவைகள் ‘காஞ்சிபுரம்’ என்ற பெயரிலேயே விலை போகின்றன.

ஜரிகையில் நான்கு தரம் புழங்குகிறது. அசல் ஜரிகையில் பட்டு நூலின் மேல் தட்டையாக்கிய வெள்ளிக் கம்பியைச் சுற்றி, தங்க முலாம் ஏற்றியிருப்பார்கள். காஞ்சிபுரத்தில் இயங்கும் அரசு நிறுவனமான தமிழ்நாடு ஜரிகை ஆலையின் சரக்கில் வெள்ளி 40 சதவீதம், தங்கம் அரை சதவீதம். மீதி செம்பும் பட்டும். இதற்குக் கீழே வெள்ளியைக் குறைத்துச் செய்யும் ‘ஹாஃப் ஃபைன்’. அதற்கும் கீழே ‘டெஸ்டட்’, அதாவது முலாம் பூசிய செம்பு. கடைசியில், சாயம் போட்ட பிளாஸ்டிக் படலத்தை நறுக்கிச் செய்த ஜரிகை. விளக்கு வெளிச்சத்தில் கடைசி வகைதான் அதிகம் ஜொலிக்கும். அசல் ஜரிகையின் மினுக்கம் சற்று அடங்கியே இருக்கும்.

ஜரிகையை நகத்தால் சுரண்டினால் உள்ளே சிவப்பு நூல் தெரிய வேண்டும் என்று பெரியவர்கள் சொல்வார்கள். அது ஓரளவுக்குத்தான் உதவும், ஏனென்றால் மட்டமான ஜரிகைக்குள்ளும் சிவப்புச் சாயம் போட்ட நூலை வைக்க முடியும். முந்தானை ஓரத்தில் தொங்கும் ஓர் இழையைக் கேட்டு வாங்கி, உள்நூலை மட்டும் பிரித்துக் கொளுத்திப் பாருங்கள். பட்டு என்றால் முடி கருகும் வாசனை வரும், சாம்பல் விரலில் பொடியாகும். பாலியஸ்டர் உருகி, கடினமான மணியாகத் திரளும். புடவைக்குச் சேதமில்லாமல் தெரிந்துகொள்ள எக்ஸ்.ஆர்.எஃப். கருவி இருக்கிறது. தங்கம், வெள்ளி, செம்பு எத்தனை சதவீதம் என்று சில நிமிடங்களில் காட்டிவிடும். பெரிய தொகைக்கு வாங்குகிறவர்கள் அந்தச் சோதனைச் சீட்டைக் கேட்கத் தயங்கக் கூடாது.

அடுத்த கேள்வி, எத்தனை கிராம் ஜரிகை போட்டிருக்கிறது? நெசவாளர்களிடம் ஜரிகை ‘மார்க்’ கணக்கில் வரும். ஒரு மார்க் சுமார் 240 கிராம். புடவைக்கு அரை மார்க்கா, ஒரு மார்க்கா என்பதை வைத்து அன்றைய வெள்ளி விலையில் ஒரு கணக்குப் போடலாம். மேலே சொன்ன தரத்தில் 120 கிராம் ஜரிகை என்றால் வெள்ளி 48 கிராம். புடவையைக் கையில் தூக்கிப் பார்த்து ‘நல்ல கனம்’ என்று முடிவு கட்டுவது தவறு, செம்பும் கனக்கும். பழைய பட்டு எடுப்பவர்கள் வெள்ளிக்காகவே வாங்குவதால், அசல் ஜரிகைப் புடவைக்குப் பல வருடம் கழித்தும் ஒரு விலை உண்டு. மற்றவற்றுக்கு அது கிடையாது.

தறி விஷயத்தைக் கோர்வையில் பார்க்கலாம். உடலும் கரையும் வெவ்வேறு நிறமாக இருக்கும் கோர்வைப் புடவைக்கு மூன்று நாடா (குறுக்கு நூலைக் கொண்டு ஓடும் கருவி) ஓட வேண்டும், தறியில் கூட ஓர் ஆளும் வேண்டும். கரையைத் திருப்பிப் பாருங்கள். உடல் நிற ஊடை, அதாவது குறுக்கு நூல், கரைக்குள்ளும் ஓடி, அங்கே இரண்டு நிறம் கலந்து தெரிந்தால் அது கோர்வை கிடையாது. கோர்வை விலை கொடுக்காதீர்கள். உண்மையான கோர்வையில் நிறம் சந்திக்கும் இடத்தில் சட்டென்று மாறும், ஊடைகள் ஒன்றையொன்று கொக்கி போட்டுக்கொண்டு திரும்புவது தெரியும். முந்தானை வேறு நிறமாக இருந்தால் உடலோடு சேரும் இடத்தைத் தடவிப் பாருங்கள். பாவு நூல்களை, அதாவது நீளவாட்டில் ஓடும் நூல்களை, ஒவ்வொன்றாகப் பிணைத்துச் சேர்க்கும் பிட்னி அங்கே மெல்லிய மேடாக விரலுக்குத் தட்டுப்படும்.

‘இதே கரை, இதே புட்டா, எம்.எஸ். நீலத்துல இருக்கா?’ கடைகளில் அதிகம் கேட்கப்படும் கேள்வி இதுதான், பதில் பெரும்பாலும் ‘இல்லை’. வழக்கமாக ஒரு பாவில் மூன்று புடவை நெய்வார்கள். பாவு நிறம் மூன்றுக்கும் பொது, ஊடையைத்தான் மாற்ற முடியும். அதனால் ஒரு டிசைன் பத்து நிறத்தில் அடுக்கி வைத்திருந்தால் அது கைத்தறியா என்று கட்டாயம் கேளுங்கள். குறிப்பிட்ட நிறம்தான் வேண்டுமென்றால் ஆர்டர் கொடுப்பதே வழி. சாயம் போட, பாவு ஓட, நெய்ய என்று இரண்டு மாதம் கையில் வேண்டும். ஒன்றுக்காக ஒரு பாவு போடுவது நெசவாளருக்குக் கட்டாது. அக்கா தங்கைக்கும் அதே பாவில் ஊடை மாற்றி எடுத்துக்கொண்டால் விலையும் படியும்.

இனி கடைகள். தி.நகர் உஸ்மான் ரோடு, பனகல் பார்க் பக்கத்து மாடிக்கடைகளின் பலம் ஒரே கூரைக்குள் எல்லாம் கிடைப்பது: முகூர்த்தம், நிச்சயம், வரவேற்பு, மாமியாருக்கு, நாத்தனாருக்கு, மாப்பிள்ளையின் பட்டு வேட்டி. இருபது பேருக்கு வைத்துக் கொடுக்க வேண்டிய ஜவுளியை ஒரே நாளில் முடிக்க வேறு வழி கிடையாது. குறை இரண்டு. மாடி மாடியாக விலைவாரியாகப் பிரித்திருப்பதால், 15,000 ரூபாய்த் தளத்தையும் 30,000 ரூபாய்த் தளத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க விடமாட்டார்கள். ஜரிகை பற்றிக் கேட்டால் தளத்துக்குத் தளம் பதில் மாறும். ஆடித் தள்ளுபடியில் ஆவணி முகூர்த்தத்துக்கு எடுக்கக் கூட்டம் அலைமோதும். வார நாளில், கடை திறந்த முதல் மணி நேரத்தில் போனால்தான் விற்பனையாளர் பொறுமையாக எடுத்துப் போடுவார்.

காஞ்சிபுரம் காந்தி ரோட்டில் தேர்வு அதிகம், பேரம் பேசவும் இடமுண்டு. ஆனால் ஆட்டோக்காரர் கூட்டிப்போகும் கடைக்குள் நுழையாதீர்கள், அவருக்குப் போகும் கமிஷன் உங்கள் பில்லில்தான் ஏறும். பலகையில் ‘சொசைட்டி’ என்று எழுதியிருக்கும் தனியார் கடைகளும் உண்டு. அசல் கூட்டுறவு சங்கங்கள் அறிஞர் அண்ணா, திருவள்ளுவர், காமாட்சியம்மன், முருகன் போன்ற பெயர்களில் இயங்குகின்றன. பெயரை முன்கூட்டியே குறித்துக்கொண்டு நேராகப் போங்கள்.

முகூர்த்தப் புடவைக்கு மட்டும் என்றால் எங்கள் ஓட்டு சங்கத்துக்குத்தான். ஜரிகை எங்கிருந்து வந்தது, எத்தனை கிராம் என்று கேட்டால் பதில் சொல்ல ஆள் இருக்கும். நவநாகரிக வெளிர் நிறங்களும் புது டிசைன்களும் அங்கே குறைவு என்பதை மறைக்க வேண்டியதில்லை. கோ-ஆப்டெக்ஸும் நம்பலாம், தள்ளுபடிக் காலத்தில் போனால் கணிசமாக மிச்சமாகும். ஆன்லைனில் முகூர்த்தப் புடவை வேண்டாம். கரையின் பின்பக்கத்தையும் பிட்னியையும் படத்தில் தடவிப் பார்க்க முடியாது.

எந்தக் கடையானாலும் பில்லில் ‘சில்க் சாரி’ என்று மட்டும் எழுதினால் ஏற்காதீர்கள். ‘கைத்தறி, கோர்வை, அசல் ஜரிகை’ என்று எழுதித் தரச் சொல்லுங்கள். சொன்னது உண்மையென்றால் எழுதுவார்கள். எழுத மறுத்தால் அந்தப் புடவையை ஹாஃப் ஃபைன் விலைக்கு மேல் மதிக்க வேண்டாம். பணம் கட்டும் முன் புடவையை வாசல் வெயிலில் ஒரு முறை காட்டச் சொல்லுங்கள். கடை எல்.இ.டி.யில் கத்தரிப்பூ நிறமாகத் தெரிந்தது வெளியே நாவற்பழமாக இருக்கும். நீளத்தையும் அளக்கச் சொல்லுங்கள், ரவிக்கைத் துணியோடு 6.20 மீட்டருக்குக் குறையக் கூடாது. மடிசாருக்கு ஒன்பது கஜம் வேண்டுமென்றால் அதைத் தனியாகக் கேட்க வேண்டும்.

புடவை கிடைத்தபின் சிக்கல் தையல்காரரிடம் தொடங்குகிறது. கல்யாணத்துக்கு 45 நாள் முன்பாவது புடவை கையில் இருக்க வேண்டும். ஆரி வேலைக்கே இரண்டு மூன்று வாரம் போய்விடும், முகூர்த்த மாதத்தில் இன்னும் இழுக்கும். ஆரி போட்டபின் கழுத்து அகலத்தை மாற்ற முடியாது. அதனால் முதலில் சாதாரணத் துணியில் ஒரு ரவிக்கை தைத்துப் போட்டுப் பார்த்து, அந்த அளவையே ஆரிக்காரருக்குக் கொடுங்கள். முழங்கை வரை கை வேண்டும் என்றால் புடவையோடு வரும் 80 செ.மீ. பலருக்குப் போதாது, வெட்டுவதற்கு முன்பே தையல்காரரிடம் காட்டுங்கள். பருத்தி லைனிங்கையும் ஃபால்ஸையும் ஓர் இரவு தண்ணீரில் ஊறவைத்து உலர்த்திவிட்டுத்தான் தைக்கக் கொடுக்க வேண்டும். இல்லையென்றால் பின்னால் அவை மட்டும் சுருங்கி, பட்டு மேலே கொப்பளம் போல் நிற்கும். பக்கத் தையலில் இரண்டு புறமும் ஓர் அங்குலம் உள்துணி விடச் சொல்லுங்கள், கல்யாண வாரத்தில் உடம்பு இளைக்கவும் செய்யும், ஏறவும் செய்யும்.

மாப்பிள்ளை வேட்டிக்கு இத்தனை பாடு இல்லை. எட்டு முழமா நான்கு முழமா என்று வீட்டு வழக்கத்தைக் கேட்டுக்கொண்டு, வேட்டியும் அங்கவஸ்திரமும் ஒரே கட்டில் வந்ததா என்று பாருங்கள். தனித்தனியாக எடுத்தால் வெள்ளையில் சாயல் மாறும், மணவறைப் படத்தில் அது அப்பட்டமாகத் தெரியும்.