ஆறரை வினாடிக்கு அறுநூறு டாலர்: டிராக்ஸ்டர் ஓட்டிய ஒரு நாள்

போன மாதம் எனக்கு 45 வயது முடிந்தது. பிறந்தநாளுக்கு என்ன வேண்டும் என்று வீட்டில் கேட்டார்கள். டிராக்ஸ்டர், அதாவது நேர்கோட்டில் குறுகிய தூரம் பாயும் பந்தயக் கார், ஓட்டக் கற்றுத்தரும் ஒருநாள் வகுப்பு என்றேன். கணவர் ஒரு நிமிடம் ஒன்றும் பேசவில்லை. அப்புறம், "நானும் கூட வர்றேன், ஆனா ஓட்ட மாட்டேன்" என்றார்.

நாங்கள் இருப்பது வட கரோலினாவின் சார்லட்டில். வகுப்பு நடந்தது இங்கிருந்து இரண்டு மணி நேரத் தொலைவில், சோளக்காட்டுக்கும் பைன் மரங்களுக்கும் நடுவே இருக்கும் ஒரு சின்ன ஓடுபாதையில். வழக்கமான கால் மைல் நீளம் கிடையாது. எட்டில் ஒரு மைல், அதாவது 660 அடி. பள்ளியின் பெயரை நான் போடவில்லை. நிறையோடு குறையும் சொல்லப் போகிறேன். தவிர, இதே மாதிரி வகுப்புகள் அமெரிக்காவில் பல ஊர்களில் நடக்கின்றன. பணம் கட்டுமுன் என்ன கேட்க வேண்டும் என்பது எல்லாவற்றுக்கும் பொருந்தும்.

இந்த ஆசை திடீரென்று வந்ததல்ல. அப்பாவுக்குப் பீளமேட்டில் லேத் பட்டறை. 1970-களில் சென்னைக்கு அருகே சோழவரத்தில் நடந்த கார் பந்தயம் பார்க்கக் கோவையிலிருந்து ரயிலேறிப் போனவர் அவர். பந்தய வீரர் கரிவரதன் எங்கள் ஊரில் ஃபார்முலா மாருதி பந்தயக் கார் கட்டிய காலத்தில் பட்டறையில் வேறு பேச்சே இருக்காது. இங்கே வந்தபின் ஒருமுறை கான்கார்டில் உள்ள ஸீமாக்ஸ் ஓடுபாதைக்குப் போனோம். நான்கு லேன், டிராக்ஸ்டர்களிலேயே மிக வேகமான டாப் ஃப்யூவல் வகைக் கார்கள் நான்கு ஒரே நேரத்தில் புறப்படும் பந்தயம். ஒவ்வொரு எஞ்சினும் 11,000 குதிரைத் திறன். காதை அடைத்திருந்தும் சத்தம் நெஞ்சுக்கூட்டில் வந்து அடித்தது. அவற்றின் எரிபொருளான நைட்ரோமீத்தேனின் புகையில் கண் எரிந்தது. நான்கு வினாடியில் எல்லாம் முடிந்துவிட்டது. "அவ்வளவுதானாம்மா?" என்றாள் மகள். அந்த நான்கு வினாடிக்குள் உள்ளே இருப்பவர் என்னதான் செய்துகொண்டிருப்பார் என்ற கேள்வி அன்றிலிருந்து என்னை விடவில்லை.

பள்ளியில் கட்டணம் இரண்டு வகை. மலிவானதில் அரைமணி நேர விளக்கம், அப்புறம் இரண்டு ஓட்டம். மற்றது முழுநாள், ஆறு ஓட்டம், 595 டாலர். தயங்காமல் முழுநாளையே எடுங்கள். என்னோடு அன்று வந்திருந்த ஓர் இளைஞர் மலிவானதை எடுத்திருந்தார். முதல் ஓட்டத்தில் பயத்தில் பாதியிலேயே ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்துவிட்டார். இரண்டாவதில் அவசரப்பட்டு முன்பே புறப்பட்டதால் சிவப்பு விளக்கு விழுந்தது. பழகத் தொடங்கும் நேரத்தில் அவருக்கு நாள் முடிந்துவிட்டது. எனக்கும் நான்காவது ஓட்டம்வரை உள்ளே என்ன நடக்கிறது என்பது பிடிபடவேயில்லை.

காலை எட்டு மணிக்கு வகுப்பு. ஆசிரியர் எழுபதைத் தொடும் வயதுக்காரர். எல்லோரையும் "மேம்", "சார்" என்றே கூப்பிட்டார். ஒரு தடவைகூடக் குரலை உயர்த்தவில்லை. முதலில் காரைச் சுற்றி நடக்க வைத்தார். முன்சக்கரத்துக்கும் பின்சக்கரத்துக்கும் நடுவே ஏறத்தாழ ஆறு மீட்டர் நீளம். முன்னால் சைக்கிள் டயர் மாதிரி மெலிந்த இரண்டு, பின்னால் இடுப்புயரத்துக்கு வழுவழுவென்று இரண்டு. நடுவில் இரும்புக் குழாய்க் கூண்டு, அதற்குப் பின்னால் பெரிய ஷெவ்ரோலே வி8 எஞ்சின், இரண்டே கியர் உள்ள பவர்கிளைடு கியர்பெட்டி. பிரேக் பின்சக்கரத்தில் மட்டும். இந்த ஒன்றை மறக்காதீர்கள், பின்னால் தேவைப்படும்.

எஞ்சின் ஏன் முதுகுக்குப் பின்னால் இருக்கிறது என்று கேட்டேன். 1970-ல் கலிஃபோர்னியாவின் லயன்ஸ் ஓடுபாதையில் டான் கார்லிட்ஸின் காரில் கியர்பெட்டி வெடித்ததைச் சொன்னார். அந்தக் காலத்து டிராக்ஸ்டர்களில் எஞ்சின் முன்னால், கியர்பெட்டி ஓட்டுநரின் கால்களுக்கு நடுவே. கார் இரண்டாகப் பிளந்தது. கார்லிட்ஸின் வலது பாதத்தில் ஒரு பகுதி போய்விட்டது. அவர் அடுத்த ஆண்டே எஞ்சினைப் பின்னால் வைத்துக் கார் கட்டி வந்து ஜெயித்தார். அப்புறம் எல்லோரும் அப்படியே மாறினார்கள். நான் உட்காரப்போகும் இருக்கைக்கு இப்படி ஒரு கதை உண்டு என்று தெரிந்தபின் அந்தக் கூண்டைத் தொட்டுப் பார்க்காமல் இருக்க முடியவில்லை.

அடுத்து உடை. இதில்தான் எனக்கு முதல் குறை. தீத்தடுப்பு உடை, கையுறை, காலணி எல்லாம் அவர்களே தருகிறார்கள், ஆனால் பெண்களின் அளவில் ஒன்றுகூட இல்லை. எனக்குக் கிடைத்ததில் கை நீளம், தோள் அகலம். கையை வெளியே வீசாமல் பிடித்துவைக்கும் பட்டை ஒன்று உண்டு. சட்டை தொளதொளவென்று இருந்ததால் அதை மூன்று முறை அவிழ்த்துக் கட்ட வேண்டியிருந்தது. ஹெல்மெட்டுக்குள் போடும் துணி முகமூடியை 20 டாலருக்குத் தனியாக வாங்கச் சொன்னார்கள்; முன்பே சொல்லியிருக்கலாம். 1977-ல் டாப் ஃப்யூவல் பட்டம் வென்ற முதல் பெண் ஷெர்லி மல்டவுனியின் படத்தை வகுப்பறைச் சுவரில் மாட்டியிருக்கிறார்கள். அந்தப் படத்துக்குக் கீழே பெண்களுக்கென்று இரண்டு உடையாவது தொங்க வேண்டும். போகுமுன்பே உங்கள் உயரம், தோள் அளவு சொல்லி என்ன இருக்கிறது என்று தொலைபேசியில் கேட்டுவிடுங்கள்.

ஆனால் உடைக்குப் பின் வந்த ஒரு மணி நேரத்துக்காக மட்டுமே முழுக் கட்டணத்தையும் கொடுக்கலாம். நின்றுகொண்டிருக்கும் காரில் உட்காரவைத்து, பட்டைகளை மூச்சு முட்டும் அளவுக்கு இறுக்கி, கண்ணைக் கட்டிவிட்டார்கள். ஆசிரியர் பக்கத்தில் நின்று ஒவ்வொன்றாகக் கேட்டார். எஞ்சினை நிறுத்தும் சுவிட்ச்? தொட்டுக் காட்ட வேண்டும். எரிபொருள் பம்ப்? தீயணைக்கும் பிடி? கியர் கம்பி, அதில் ரிவர்ஸ் எது? பிரேக் பிடி? முதல் சுற்றில் பம்புக்குப் பதிலாகப் பக்கத்து சுவிட்சைத் தொட்டேன். அவர் ஒன்றும் சொல்லாமல் மறுபடி முதலிலிருந்து தொடங்கினார். ஐந்தாவது சுற்றில் அவர் கேள்வியை முடிப்பதற்குள் கை போயிருந்தது. பந்தய உரிமம் வாங்குபவர்களுக்கும் இந்தச் சோதனை உண்டு. புகை சூழ்ந்தால், கார் கவிழ்ந்தால், கண் உதவாது, கைதான் உதவ வேண்டும் என்றார். அப்பா பட்டறையில் புதுப் பையன்களை லேத்தை ஓடவிடாமல் ஒரு வாரம் பிடிகளை மட்டும் தொட்டுப் பழக வைப்பார். அது ஞாபகம் வந்தது.

பிறகு, புறப்படச் சைகை காட்டும் விளக்கு மரம். கிறிஸ்துமஸ் மரம் என்றுதான் இவர்கள் சொல்கிறார்கள். 1963-லிருந்து கொடிக்குப் பதில் இதுதான். மேலே இரண்டு சின்ன விளக்கு. முன்சக்கரம் முதல் ஒளிக்கற்றையை மறைத்தால் ஒன்று எரியும், இன்னும் ஏழு அங்குலம் போனால் இரண்டாவது. அந்த ஏழு அங்குலத்தை அங்குலம் அங்குலமாக உருட்டிப் போக வேண்டும். இரண்டு கார்களும் நின்றதும் மூன்று மஞ்சள் அரை வினாடி இடைவெளியில் ஒவ்வொன்றாக எரிந்து இறங்கும், அப்புறம் பச்சை. பச்சையைப் பார்த்துவிட்டுக் கிளம்பினால் நீங்கள் ஏற்கெனவே பிந்திவிட்டீர்கள். மூன்றாவது மஞ்சள் கண் சிமிட்டும்போதே கிளம்பிவிட வேண்டும். உங்களுக்கும் காருக்கும் சேர்த்து நகரப் பிடிக்கும் நேரம் அந்த அரை வினாடிக்குள் அடங்கிவிடும். அவசரப்பட்டால் சிவப்பு.

இதை நான் வகுப்புக்கு முன்பே கொஞ்சம் பழகியிருந்தேன், நீங்களும் செய்யுங்கள். பெரும்பாலான ஓடுபாதைகளில் வாரத்தில் ஒரு மாலை யார் வேண்டுமானாலும் சொந்தக் காரைக் கொண்டுபோய் ஓட்டலாம். எங்கள் கேம்ரியில் நான்கு முறை ஓடினேன். பந்தயக் கார்கள் டயரைச் சூடாக்கும் தண்ணீர்ப் பகுதியைச் சுற்றிக்கொண்டு போக வேண்டும். சாதாரண டயரின் பள்ளங்களில் தண்ணீர் ஏறி, புறப்படும் இடத்தை நனைத்துவிடும். ஏசியை அணைத்துவிட வேண்டும், அதுவும் தண்ணீர் சொட்டும். கால்மிதியையும் டிக்கியில் உருளும் சாமான்களையும் வீட்டிலேயே எடுத்துவைத்துவிடுங்கள். 10.7 வினாடி வந்தது. பக்கத்து லேனில் ஓடியவர்கள் எல்லோருமே என்னை முந்தினார்கள், ஆனால் விளக்கு மரத்தின் பயம் போய்விட்டது. டிராக்ஸ்டரில் முதன்முதலாக அந்த விளக்கைப் பார்ப்பதாக இருந்தால் என் கவனம் பாதி அதிலேயே போயிருக்கும்.

டிராக்ஸ்டரின் ஸ்டீயரிங்கில் ஒரு பொத்தான் உண்டு. அதை அழுத்தியிருக்கும்வரை கியர்பெட்டிக்குள் முன்கியரும் ரிவர்ஸும் ஒன்றாகப் பிடித்து வண்டியை நகரவிடாது. ஆக்ஸிலரேட்டரைத் தரையோடு மிதித்தாலும் எஞ்சின் நிமிடத்துக்கு 3,500 சுற்றைத் தாண்டாமல் தடதடவென்று அடிக்கும். பொத்தானை விட்டால் புறப்பாடு. முதல் இரண்டு ஓட்டங்களில் 60 அடி போனதும் காலை எடுத்துவிட வேண்டும், அவ்வளவுதான். கேட்கச் சின்ன விஷயமாகத் தோன்றும். பொத்தானை விட்டதும் என் தலை பின்னால் ஒட்டிக்கொண்டது, வயிறு முதுகோடு சேர்ந்தது, காலை எடுக்க வேண்டும் என்று நினைத்தபோது 60 அடி எப்போதோ போயிருந்தது. முதல் முறை மூச்சு விடவே மறந்துபோனேன். "மஞ்சள் எரியத் தொடங்கும்போது மூச்சை வெளியே விடுங்கள் மேம்" என்றார் ஆசிரியர். அந்த ஒரு வரி மீதி நாளை மாற்றிவிட்டது. மூன்றாவது ஓட்டம் 330 அடி. இதில் கண் கொஞ்சம் திறந்தது.

நான்காவது முழு நீளம். பாதி தூரத்தில் பின்பக்கம் லேசாக இடதுபக்கம் நழுவியது. முந்தைய கார்கள் ரப்பரைப் படியவைத்திருக்கும் தடத்தைவிட்டு ஒரு சக்கரம் வெளியே போயிருக்கிறது. நடுக்கோடு என்னை நோக்கி வந்தது. காலை எடுத்தேன். கார் நேரானது. இங்கேதான் மனம் சொல்லும்: நேராகிவிட்டதே, இன்னும் தூரம் இருக்கிறதே, மறுபடி மிதி என்று. காலையில் அவர் பலகையில் பெரிதாக எழுதி வைத்திருந்தது அதுதான்: ஒருமுறை காலை எடுத்தால் அந்த ஓட்டம் முடிந்தது. மறுபடி மிதித்தால் டயர் ஒரே பக்கம் பிடித்து வண்டி சுவரில் போய்த்தான் நிற்கும். என் கால் நடுங்கியது, ஆனால் மிதிக்கவில்லை. உருண்டு போய் நின்றேன். திரும்பி வந்தபோது அவர் என்னைக் கைகொடுத்து இறக்கிவிட்டு, "இன்றைய நாளின் நல்ல ஓட்டம் இது" என்றார். முகத்துக்காகச் சொல்கிறவர் அல்ல என்பது அதற்குள் எனக்குத் தெரிந்திருந்தது.

கோட்டைத் தாண்டியபின் உள்ள நேரத்தையும் சொல்ல வேண்டும், யாரும் அதைப் பற்றிப் பேசுவதில்லை. பிரேக் பின்சக்கரத்தில் மட்டும்தான் என்றேனே. பந்தய டயரில் காற்று மிகக் குறைவு; சட்டென்று பிடித்தால் பின்பக்கம் நெளிந்து ஆடும். காலை மெல்ல எடுங்கள், ஸ்டீயரிங்கை நேராக வைத்துக்கொள்ளுங்கள், முதலில் காற்றே வண்டியைக் குறைக்கட்டும், பிறகு சிறிது சிறிதாகப் பிரேக். வேகம் 150 மைலைத் தொடும் கார்களுக்குப் பாராசூட் கட்டாயம். எங்கள் கார் அதற்கு வெகு கீழே.

ஐந்தாவது ஓட்டம் 6.52 வினாடி. ஆறாவது 6.44, கடைசியில் மணிக்கு 106 மைல். விளக்கு மரத்தில் பச்சை எரிந்தபின் நகர எடுத்த நேரம் ஐந்தாவதில் .241 வினாடி, ஆறாவதில் .118. முதல் 60 அடி 1.38 வினாடி. எனக்கு எல்லாவற்றிலும் பெருமை அந்த .118-ல்தான்; வேகம் எஞ்சினுடையது, அது என்னுடையது.

மற்ற குறைகள்: தூறல் விழுந்ததால் இரண்டு மணி நேரம் சும்மா உட்கார்ந்திருந்தோம். ஈரத்தில் ஓட்ட முடியாது, அது நியாயம்தான், ஆனால் மழையில் நாள் முழுக்கப் போனால் பணம் திரும்பாது, வேறு தேதிதான் தருவார்கள் என்பதை அன்றைக்குத்தான் சொன்னார்கள். கட்டுமுன் கேளுங்கள். புகைப்படத்துக்கு 80 டாலர் என்றார்கள். கணவர் வேலி ஓரம் நின்று எடுத்ததே போதுமாக இருந்தது. மதியச் சாப்பாட்டில் சைவம் என்று சிப்ஸ் மட்டும். தயிர்சாதம் கட்டிக்கொண்டு போயிருந்தோம், தப்பித்தோம். ஆனால் ஓட்டத்துக்கு முன் அரை வயிறுதான் சாப்பிட வேண்டும், பட்டை இறுக்கும்போது காரணம் புரியும்.

ஒவ்வொரு ஓட்டத்துக்கும் தந்த நேரச் சீட்டுகளைப் படமெடுத்து அன்றிரவே அப்பாவுக்கு அனுப்பினேன். கோவையில் விடிந்ததும் கூப்பிட்டார். வேகத்தைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. "நாலாவது சீட்டுல நேரம் ஜாஸ்தியா இருக்குதே கண்ணு, என்ன ஆச்சு?" என்றார். நடந்ததைச் சொன்னேன். "மறுபடி மிதிக்கலையே?" என்றார். "இல்லைங்கப்பா" என்றேன். அக்டோபரில் இரண்டாம் நிலை வகுப்புக்குப் பணம் கட்டியிருக்கிறேன், இந்த முறை என் அளவில் உடை வாங்கிக்கொண்டு போகிறேன்.